ஹேவர்ட் (எ) ஏழுமலை

1

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம். இங்கிலாந்துக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வாசல் கதவின் துவாரம் வழியாகப் பழுப்பு நிற உறை ஒன்று உள்ளே விழுந்தால், அதை எடுக்காமல் இரண்டு தடவை தாண்டிப்போவேன். அரசாங்கக் கடிதங்கள்தான் இங்கே பழுப்பு உறையில் வரும். கடைசியில் பிரித்துப் பார்த்தால், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். அட கடவுளே, என் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னையா கேட்பது!

இங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. சட்டையில் தொங்கும் அட்டையில் ‘சாமுவேல் ஹேவர்ட்’ என்று இருக்கும். கையை முறித்துக்கொண்டு வருகிறவர்கள், அந்த வலியிலும் அட்டையைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்கள். சுத்தமான வெள்ளைக்காரப் பெயர் அது. ஒருமுறை ஒரு கிழவர் வந்தார். அவரும் ஹேவர்ட். “நீ எந்த ஊர் ஹேவர்ட்?” என்று கேட்டார். “திண்டிவனம்” என்றேன். “அது டெவன் பக்கமா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நெஞ்சைப் படம் எடுத்தேன்.

நம் பக்கம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதோடு சரி. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், அப்பா பெயர் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொண்டது. மகள் பிறந்தபோது இங்கே பதிவு செய்கிற அம்மாள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். ஹேவர்ட் என்றேன். அப்படித்தான் என் மகள் ரூத், அவளுடைய தாத்தாவின் பெயரைத் தன் குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு திரிகிறாள். பதிமூன்று வயது. தமிழ் புரியும், பேசினால் பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் என் தங்கையின் பெயரையும் அவள் வேலை பார்க்கிற இடத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஹேவர்ட் என்பதே உண்மையில் எங்கள் பெயர்தானா என்று கேட்டு யாரும் எழுதவேண்டாம். நான் பதில் போட மாட்டேன்.

2

என் அப்பாவுக்கு இரண்டு பெயர்கள். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற சாலையில் இருக்கிற எங்கள் காலனியில் பலருக்கும் அப்படித்தான். சர்ச்சில் ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று.

அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவருடைய குடும்பப் பெயர் ஹேவர்ட். அவர்மேல் இருந்த மரியாதையில் அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். பாதிரியார் ஊருக்குப் போய்விட்டார். பெயர் எங்களிடம் தங்கிவிட்டது. ஆனால் கோயில் தெருக்காரர்களின் நிலத்தில் கொல்லைவேலைக்குப் போகும்போது அப்பா ஏழுமலைதான். ரேஷன் கார்டிலும் ஏழுமலைதான்.

என்னை மிஷன் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே படிவத்தில் தகப்பன் பெயர் ஹேவர்ட், மதம் கிறிஸ்தவம். எனக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் என் தங்கை செல்வி. அவளை அரசுப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப்போனபோது நானும் லீவில் வந்திருந்தேன். அங்கிருந்த ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தார்.

“யோவ் ஏழுமலை, சர்ச்சு பேரப் போட்டியினா எஸ்.சி. சலுகை அத்தனையும் பூடும். பொண்ணு படிக்க வாணாமா? வேலைக்குப் போவ வாணாமா?”

“நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே போட்டுடுங்கய்யா” என்றார் அப்பா.

செல்வி, த/பெ ஏழுமலை, இந்து. அந்த ஒரு வரியில் அவள் படித்தாள், ஆசிரியப் பயிற்சி முடித்தாள், விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் அரசு வேலையும் வாங்கினாள். எனக்கும் அவளுக்கும் ஒரே தெரு, ஒரே கஞ்சி, ஒரே வசவு. எங்கள் ஆட்கள் கிறிஸ்தவர்கள் என்று எழுதிக்கொண்டால் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது, அவ்வளவுதான். ஞானஸ்நானம் வாங்கியவர் என்று தெரிந்தும் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளர்தான் வைத்தார்கள். அதைச் சட்டத்திடம் யார் போய்ச் சொல்வது? ஆக, காகிதத்தில் பார்த்தால் நான் ஹேவர்ட்டின் மகன், அவள் ஏழுமலையின் மகள். நாங்கள் அண்ணன் தங்கையே கிடையாது.

அவள் கணவர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். அந்த வேலை போனால் அந்த வீட்டில் உலை வைக்க வழியில்லை.

3

போன வருஷம் ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்றைக்குக் காலனிப் பையன்கள், அப்பாமேல் இருந்த பிரியத்தில், ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் அடித்துத் திண்டிவனம் பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார்கள். நடுவில் அப்பா படம். மேலே சிலுவை. ‘கண்ணீர் அஞ்சலி. ஹேவர்ட் (எ) ஏழுமலை’. கீழே துயருறும் குடும்பத்தார்: மகன் சாமுவேல், இங்கிலாந்து. மகள் செல்வி, ஆசிரியை.

வாழ்நாள் முழுக்கத் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு பெயர்களையும், செத்த அன்றைக்கு ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள். நம் ஆட்களால்தான் இது முடியும். செத்தவருக்கு உள்ள பெயர் அத்தனையும் பிளெக்ஸில் வந்தாகவேண்டும், இல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு. செல்வி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே ஆள் விட்டு அதை இறக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் படத்தை நான் போனிலிருந்து அழித்திருக்கவேண்டும். மனசு வரவில்லை. அப்பா அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் முதலாண்டு நினைவு ஜெபத்துக்குப் போக லீவு போட்டு, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஒரு காலையில், நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது செல்வி கூப்பிட்டாள். அங்கே பள்ளியில் மதிய இடைவேளை.

“அண்ணா, பெரிய பேஜாராப் போச்சிண்ணா. எம்மேல எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான்.”

“இன்னான்னு?”

“நான் கிறிஸ்டினாம். பொய் சர்ட்டிபிகேட்டு குடுத்து வேலைக்கி வந்துட்டனாம். எச்.எம். புரமோஷன் லிஸ்ட்டுல பேரு வந்துதுல்ல, எவனுக்கோ வயிறு எரிஞ்சிக்கினு கீது. வர்ற செவ்வாக்கெழம விழுப்புரத்துல விசாரணை.”

“அவங்க கையில ஆதாரம் எதுனா இருக்குதா?”

“இப்போதிக்கி ஒண்ணும் இல்ல. தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. வந்து ஊட்ட சுத்திப் பாத்துட்டுப் போனாரு. நான் சிலுவை போட்ட காலண்டர கழட்டி அரிசி டிரம்முல போட்டுட்டேன். புதுசா எதுவும் வெளிய வராம இருந்தா தப்பிச்சிருவேண்ணா.” அவள் குரல் இறங்கியது. “பயமா கீதுண்ணா. புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?”

நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரூத்தின் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் குடும்பப் பெயரின் கதை’ என்ற பாடவேலையில் ரூத்தின் கட்டுரைதான் முதலாவது என்றும், பள்ளி இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பெருமையாகத் திறந்தேன். மேலே, முழு அகலத்துக்கு, அந்த பிளெக்ஸ் படம்.

கீழே அழகாக ஒரு வம்ச மரம் வரைந்திருந்தாள். ‘தாத்தா: ஹேவர்ட், இன்னொரு பெயர் ஏழுமலை’. அதிலிருந்து இரண்டு கோடுகள். ஒன்றில் நான். இன்னொன்றில் ‘அத்தை செல்வி, அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம், இந்தியா’. பிளெக்ஸ் படத்தை என் போனிலிருந்து எடுத்திருக்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வது? கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். எவனாவது ஹேவர்ட் என்று தட்டித் தேடினால் போதும், தங்கச்சி கதை முடிந்தது.

4

பள்ளிக்கு ஓடினேன். வரவேற்பறையில் இருந்த பெண்மணியிடம் கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்த முகத்தோடு ஒரு படிவம் கொடுத்தார். அதில் ‘நீக்கக் கோருவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதுவது? திண்டிவனத்து டீக்கடை டம்ளரிலிருந்து ஆரம்பிப்பதா? இந்தியச் சட்டத்திலிருந்தா? என் தங்கை என் தங்கை இல்லை என்று எழுதுவதா? கடைசியில் ‘குடும்பத்தில் ஒருவருக்கு ஆபத்து’ என்று எழுதினேன்.

அதுதான் நான் செய்த மடத்தனம். இந்த நாட்டில், பள்ளிக்கூடத்தில், அந்த வார்த்தையை எழுதினால் வேறொரு கதவு திறக்கும். பத்தே நிமிஷத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியை வந்து என்னைத் தனியறையில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். யாரால் ஆபத்து, வீட்டில் யாராவது ரூத்தை மிரட்டுகிறார்களா, இந்தியாவுக்குக் கூட்டிப்போகும் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று மென்மையாகக் கேட்டார். கட்டாயக் கல்யாணத்துக்குப் பெண்பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோகிறார்களோ என்பது இங்கே பள்ளிகளுக்கு உள்ள சந்தேகம், எனக்கோ டிக்கெட் எடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. இல்லை, இல்லை, என் சகோதரியின் வேலைக்குத்தான் ஆபத்து என்றேன். “உங்கள் சகோதரி ஏதாவது குற்றம் செய்தாரா?” என்றார். நான் அவர் கொடுத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். இன்னொரு பழுப்பு உறை வரப்போகிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ரூத்தைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவள் சொன்ன பதிலால்தான் விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. “எங்கப்பா எப்பவுமே எதுக்காவது பயந்துகிட்டுதான் இருப்பார்” என்றாளாம். மாலைக்குள் பக்கம் காணாமல் போனது. கட்டுரையைத் திருத்திக் கொடுத்தால் மறுபடியும் போடுவோம் என்று ரூத்திடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

5

வீட்டுக்கு வந்து அவள் என்னோடு பேசவில்லை. என் மனைவி கிரேஸ் விழுப்புரம் ரயில்வே காலனியில் வளர்ந்தவள், எதையும் சட்டென்று உடைத்துப் பேசுகிறவள். “கொழந்தைய மொகத்தப் பாத்து ஒக்கார வெச்சி விஷயத்தச் சொல்லிடுங்க. மென்னு முழுங்கிக்கினே இருந்தா அவளுக்கு இன்னா புரியும்?” என்றாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு ரூத் கேட்டாள்: “அப்ப அத்தை சீட் பண்ணாங்களா டாடி?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “வாய மூடு” என்று கத்திவிட்டேன். உடனே அவமானமாக இருந்தது. அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. கட்டுரையை என் பக்கம் தள்ளி, “நீங்க இத முழுசாப் படிக்கவே இல்ல” என்றாள்.

படத்தையும் வம்ச மரத்தையும் பார்த்த பயத்தில் நான் நிஜமாகவே மற்றதைப் படித்திருக்கவில்லை.

ஹேவர்ட் என்பது இங்கே பழைய காலத்தில் ஒரு கிராம உத்தியோகத்தின் பெயராம். வேலியைக் காப்பவன். ஊர்ப் பயிரில் மாடு இறங்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இறங்கினால் பிடித்துப்போய்ப் பட்டியில் அடைப்பான். கையில் ஒரு கொம்பு வைத்திருப்பான், மாடு புகுந்தால் ஊதுவான். அவனை ஊரார் யாருக்கும் பிடிக்காதாம். பயிர் போனால் ஏன் விட்டாய் என்பார்கள், மாட்டைப் பிடித்தால் ஏன் பிடித்தாய் என்பார்கள். இதையெல்லாம் ரூத் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஏனென்றால் என் அப்பா செய்த வேலை அதேதான். மல்லாட்டைக் கொல்லைக் காவல், அதாவது நிலக்கடலை வயலுக்குக் காவல். பயிரில் இறங்கிய மாட்டைப் பவுண்டு என்கிற மாட்டுப்பட்டிக்கு ஓட்டிப்போவது. பாதிரியார் பெயரைத்தான் கொடுத்தார், அதற்குரிய வேலை எங்களிடம் முன்பே இருந்திருக்கிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு பசு கொல்லையில் இறங்கி மேய்ந்தது. அப்பா அதைப் பவுண்டில் அடைத்துவிட்டார். அது யார் வீட்டு மாடு என்று பார்க்காமல் அடைத்ததுதான் அவர் செய்த தப்பு. மத்தியானம் நாலு பேர் கழியோடு காலனிக்கு வந்தார்கள். “எங்கடா அந்த ஏழுமல? எங்கூட்டு மாட்டத் தொடற அளவுக்கு வந்துட்டியா?” அப்பா சர்ச்சுக்குள் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தார். பக்கத்தில் நான். அவர் கை என் வாயைப் பொத்தியிருந்தது. அந்தக் கை நடுங்கியது இன்னும் என் உதட்டில் இருக்கிறது. பிறகு அவரே வெளியே போய், கும்பிட்டு, பவுண்டுக்கு நடந்துபோய், அந்த மாட்டைக் கயிறு பிடித்து அவர்கள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். அடுத்த நாள் மறுபடியும் காவலுக்குப் போனார்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ரூத்திடம் சொன்னேன். அவள் மடிக்கணினியைத் திறந்து வம்ச மரத்தில் அத்தையின் பெயரை அழித்தாள். கோட்டையும் அழித்தாள். தாத்தாவின் இன்னொரு பெயரையும் அழித்தாள். பிளெக்ஸ் படத்தையும் எடுத்துவிட்டாள். தாத்தாவுக்கு ஒரே மகன் என்று ஆகிவிட்டது.

“போதுமா டாடி?”

போதும் என்றேன். அத்தை பிறந்தநாளுக்கு அனுப்பிய கொலுசு அவள் காலில் இருந்தது.

6

செவ்வாய்க்கிழமை நான் எடுத்த எக்ஸ்ரே இரண்டு ஆடிப்போய், திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. தேநீர் இடைவேளையில் செல்வி கூப்பிட்டாள். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வெளியே மரத்தடியில் நின்று பேசினாள். பின்னால் பஸ்களின் ஹாரன்.

“அவங்க கையில போட்டோ எதுவும் இல்லண்ணா. ஆனா ஒண்ணு கேட்டாங்க.”

“இன்னா?”

“‘சாமுவேல் ஹேவர்ட்னு ஒருத்தரு பாரின்ல இருக்காராமே, அவரு ஒனக்கு அண்ணன்னு பெட்டிஷன்ல எழுதியிருக்குதே’ன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

பக்கத்தில் யாரோ வந்திருக்கவேண்டும், அவள் தள்ளிப்போய் நின்றுகொண்டு சொன்னாள்.

“எனக்கு அண்ணனே கெடையாதுங்க சார், எங்கப்பாவுக்கு நான் ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டேண்ணா. எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க.”

“நல்ல வேலை பண்ண” என்றேன். நிஜமாகவே முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விசாரணையின் முடிவு ஆர்டராக வரும்வரை நான் ஊர்ப்பக்கம் வரக்கூடாது என்றாள். “நீ வந்து கல்லறையாண்ட நின்னியினா நாலு பேரு போட்டோ எடுப்பான். வாணாண்ணா. கோச்சிக்காத.” டிக்கெட்டை ரத்து செய்தேன். லீவையும்தான். மேலதிகாரி அம்மாள், எல்லாம் சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வருஷம் திரும்புவதற்குள் கல்லறை கட்டிவிடுவது எங்கள் வழக்கம். சிமெண்ட் வேலை முடிந்து, கறுப்புக் கல்லும் வந்துவிட்டது. வெட்டுகிறவர் காத்திருந்தார்.

“இன்னா பேருண்ணா போடறது?” என்று கேட்டாள் செல்வி. “ஹேவர்ட்னு போட்டா யாரு புள்ளன்னு ஒன்னத் தேடிக்கினு வருவாங்க, அங்கருந்து எங்கிட்ட வருவாங்க. ஏழுமலைன்னு போட்டா சர்ச்சு கல்லறையில ஏழுமலைக்கி இன்னா வேலைன்னு கேப்பாங்க. எந்தப் பேரப் போட்டாலும் எனுக்குதாண்ணா வம்பு.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். முடிவை நான்தான் சொன்னேன். அதை அவள்மேல் போட நான் விரும்பவில்லை.

“தேதி மட்டும் போடச் சொல்லு.”

நினைவு நாளன்று படம் வந்தது. மழையில் கழுவின கறுப்புக் கல். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. மேலே, பெயர் இருக்கவேண்டிய இடத்தில், படம் எடுத்தவளின் குடை நிழலாகத் தெரிந்தது. ஆர்டர் இன்னும் வரவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் வரவில்லை.

ரூத் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். போனை வாங்கி, விரலால் கல்லைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

“அப்ப தாத்தா பேர் இனிமே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கா டாடி?”

ஆமாம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.